வெற்றுப் பதில் போதும்

சீஹான்,
மே 6

அன்புள்ள க்ளைவுக்கு,

பெரில் எழுதுகிறேன். இங்கே மழை. நலமா என்று கேட்டால் நீ பதில் எழுதப்போவதில்லை. அதனால் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் முகவரியை உன் அக்கா ரோவீனாவிடம்தான் வாங்கினேன். அவளைத் திட்டாதே. உன்னைப் போனுக்குக் கூப்பிடச் சொன்னேன். "வாழைத்தோட்டத்துல எங்கேயோ இருக்கான். கூப்பிட்டாலும் வரமாட்டான், பெரில். கடுதாசி வேணா போட்டுப் பாரு. கடுதாசின்னா வாங்கி சட்டைப்பையில வெச்சுக்கிறான்" என்றாள். வாங்கி வைத்துக்கொள்கிறாய், சரி. பிரிக்கிறாயா என்று அவளுக்கும் தெரியவில்லை. மெயில் அனுப்பி அனுப்பிக் கை ஓய்ந்துபோய்த்தான் தபால்தலை வாங்கப் போனேன். தபாலாபீஸ் டாட், "என்ன பெரில், இந்த வயசுல காதல் கடிதமா?" என்று ஆரம்பித்தாள். உறையின் மேல் உன் பெயரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு தபால்தலையைக் கிழித்துக் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். நம் 'சமையலறை மேஜை' மடற்குழுவை மூடப்போகிறார்கள்.

டாக்டர் பிம் ஓய்வு பெறுகிறார். ஹோபார்ட்டில் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தின் கீழறையில் ஒரு பழைய இயந்திரத்தில் நம் மடற்குழுவை இத்தனை வருஷம் சும்மா ஓடவிட்டிருந்தாரே, அந்த இயந்திரத்தை ஜூன் முடிவில் அணைக்கிறார்களாம். "நான் போனதுக்கப்புறம் அதைப் பார்த்துக்க ஆள் இல்லைம்மா. வேற இடம் பார்த்துக்குங்க" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். நல்ல மனுஷர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வேறு இடம் பார் என்றால் யார் பார்ப்பது? குழுவின் இயந்திர வேலை முழுக்க உன் தலையில் இருந்தது. உன் மனைவி நெரிடா பேர் வைத்தாள், நெரிடா எல்லோருக்கும் பதில் எழுதினாள், நீ ஸ்க்ரூடிரைவரும் கையுமாகப் பின்னால் நின்றாய். என் கணவன் ரெஜ்ஜுக்கு, கை, கால், பேச்சு என்று ஒவ்வொன்றாக முடக்குகிற அந்த நரம்பு நோய் என்று டாக்டர் சொன்ன வாரம், நான் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நேரே குவீன்ஸ்டவுனில் உங்கள் வீட்டுக்கு வந்து நின்றேனே, அன்றைக்கு நீ சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஒருத்தர் எழுதினா எல்லார் வீட்டுலயும் போய் விழணும். அவ்வளவுதான் மடற்குழு. மீதியெல்லாம் பந்தா" என்றாய். அந்த ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது கம்பெனி கம்பெனியாகப் படி ஏறி இறங்குகிறேன்.

முதலில் பார்த்தது ஓர் அமெரிக்கக் கம்பெனி. காசு வேண்டாம். ஆனால் ஒவ்வொருவரும் தனியாகக் கணக்குத் திறக்க வேண்டும், போன் நம்பர் கொடுக்க வேண்டும், தான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சின்னச் சின்னப் படங்களில் டிராபிக் லைட் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்ட வேண்டும். பிலெமோனியைச் செய்து பார்க்கச் சொன்னேன். உனக்கு அவனை நினைவிருக்கும்: பிரிஸ்பேன் பக்கம் லோகனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சமோவாக்காரன், ஆளை விடப் பெரிய குரல் உள்ளவன். இப்போது குரலும் போய்விட்டது. கையும் போய்விட்டது. கண்ணை அசைத்துத் திரையில் எழுத்து எழுத்தாகத்தான் எழுதுகிறான். மறுநாள் சாயங்காலம் அவனிடமிருந்து வந்தது: "பெரிலக்கா, ஒரு எழுத்துக்கே என் கண்ணுக்கு நாக்கு தள்ளுது. ஆயுசு பூரா டிராபிக் லைட்ட பார்த்து நின்னவன் நான். இப்ப அது எங்கே இருக்குன்னு என்னையே கேக்கறான் பாருங்க!" படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு இதை எழுத அவனுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன், சிரிப்பு போய்விட்டது. அந்தக் கம்பெனி வேண்டாம். அதுமட்டுமில்லாமல், மடலுக்குப் பக்கத்தில் விளம்பரம் போடுவார்களாம். நம் மடல்களில் இருக்கும் வார்த்தைகளைப் பார்த்தால் என்ன விளம்பரம் வரும் என்று உனக்கே தெரியும். சவப்பெட்டி விற்கிறவனுக்கு நம் மேஜையில் இடம் கிடையாது.

இரண்டாவது, சிட்னியில் ஒரு கம்பெனி. காசு கேட்கிறான், ஆனால் கட்டுப்படியாகும். பார்க்கவும் பளிச்சென்று இருக்கிறது. மூன்றாவது, நியூசிலாந்தில் டனீடனில் நாலைந்து பேர் கூட்டாக நடத்தும் ஒரு சின்ன அமைப்பு. அவர்கள் வலைப்பக்கம் நீ கட்டின கோழிக்கூண்டு போலக் கோணலாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

எனக்குக் கவலை பழைய மடல்களைப் பற்றித்தான். போன வாரம் மவுண்ட் ஐசாவிலிருந்து ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். பெயர் ஆர்ச்சி, சுரங்கத்தில் வேலை. மனைவிக்கு அதே நோய் என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. ராத்திரியில் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை, முதுகு போய்விட்டது என்று எழுதியிருந்தார். நான் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. வழுவழுப்பான சாட்டின் துணியை இடுப்புக்குக் கீழே விரிக்கச் சொல்லி நெரிடா எழுதினாளே, அந்தப் பழைய மடலைத் தேடி எடுத்து அனுப்பினேன். செத்துப்போய் இரண்டு குளிர்காலம் ஆகியும் அவள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த மடல்கள் போய்விட்டால் நான் ஆர்ச்சிக்கு எதைக் கொடுப்பேன்?

அதனால் ஒரு வரி எழுது. விளக்கம் வேண்டாம். சிட்னியா, டனீடனா, அதை மட்டும் எழுதினாலும் போதும். நீ பேசாமல் இருப்பதை நான் மதிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பழைய கூட்டாளி,
பெரில்

*

சீஹான்,
மே 27

அன்புள்ள க்ளைவுக்கு,

இந்தக் கடிதமும் உன் சட்டைப்பைக்குத்தான் போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நீ பதில் போடவில்லை, நான் சிட்னியைத் தேர்ந்தெடுத்தேன், குட்டிச்சுவராகிவிட்டது. சுருக்கமாக அவ்வளவுதான். விரிவாகச் சொன்னால்தான் எனக்கு ஆறும், அதனால் சொல்கிறேன்.

பணம் கட்டினேன். டாக்டர் பிம் நம் ஆட்களின் மெயில் முகவரிகளை மொத்தமாக எடுத்துக் கொடுத்தார். அதை அப்படியே சிட்னி இயந்திரத்தில் ஏற்றினேன். "வரவேற்பு மடல் அனுப்பவா?" என்று கேட்டது. அனுப்பு என்று அழுத்திவிட்டு, கெட்டிலைப் போட்டு டீ ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கணக்கையே பூட்டிவிட்டார்கள்.

போன் போட்டேன். எடுத்தவன் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், நீங்க ஏத்தினதுல பாதிக்கு மேல திரும்பி வருது. அந்த முகவரியிலெல்லாம் ஆளே இல்ல. இப்படி வந்தா எங்க சிஸ்டம் உங்களைக் குப்பை மெயில் அனுப்பறவங்கன்னு எடுத்துக்கும். இந்தப் பட்டியல எங்கேயாவது விலைக்கு வாங்கினீங்களா?" என்று கேட்டான். "ஆமாம்ப்பா, ரொம்ப விலை குடுத்து" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

தப்பு என்னுடையதுதான். இந்த உலகத்தில் வேறு எந்தக் குழுக்காரரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. செத்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்காத குழு நம்முடையது ஒன்றுதானே. டெவன்போர்ட் ஆஸ்குட் கிழவர் போனபோது அவர் மனைவி, "அவர் பேரை எடுத்துடாதீங்க, அவருக்கு மடல் வர்ற சத்தம் ரொம்பப் பிடிக்கும்" என்று கேட்டாள். நெரிடா உடனே, "இருக்கட்டும். அவரென்ன டீயும் பிஸ்கட்டுமா கேக்கறாரு? மேஜையில ஒரு நாற்காலி கூட கிடந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று எழுதினாள். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். யார் போனாலும் நாற்காலியை எடுப்பதில்லை. திரும்பி வருகிற மடல்களை டாக்டர் பிம் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு நாளும் நம்மிடம் சொன்னதில்லை. வருஷம் ஏற ஏற நம் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களை விட உட்காராதவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நானும் எண்ணிப் பார்த்ததில்லை. யார் எண்ணுவார்கள்?

பூட்டின கையோடு, திரும்பி வந்த முகவரிகளையெல்லாம் சிட்னிக்காரன் எனக்கு அனுப்பிவைத்தான். உட்கார்ந்து மேலிருந்து கீழே வரை படித்தேன். அது என்ன படிப்பு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்குட் இருந்தார். ஊமையாகிவிட்ட பிறகும் கால்பந்து ஸ்கோரை மட்டும் விடாமல் எழுதின லான்செஸ்டன் பையன் இருந்தான். ரெஜ் இருந்தான். ரெஜ்ஜின் மெயில் கணக்கை நானேதான் மூடினேன், திரும்பி வரும் என்று தெரியும். ஆனாலும் "இந்த முகவரியில் யாரும் இல்லை" என்று அவன் பேருக்கு நேராக எழுதியிருந்ததைப் பார்த்ததும் எழுந்துபோய் விறகு வெட்டினேன். ஏற்கனவே வெட்டினது மலைபோலக் கிடக்கிறது. இன்னும் வெட்டினேன்.

நெரிடா மட்டும் அதில் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். இயந்திரம் எங்கேயோ ஒன்றை விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எனக்கு எந்த இயந்திரத்தின் மேலும் நம்பிக்கை இல்லை.

சரி, இன்னொரு செய்தி. வேறு வழியில்லாமல் அந்தக் கோழிக்கூண்டு டனீடன்காரர்களைக் கூப்பிட்டேன். நைரி என்று ஒரு பெண். குரலைக் கேட்டால் அறுபது தாண்டியிருக்கும். பின்னால் ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. நான் பேச ஆரம்பித்து, பட்டியல், சிட்னி, பூட்டு என்று போய், எப்படியோ ரெஜ் வரைக்கும் வந்துவிட்டேன். முழுக்கக் கேட்டாள். கடைசியில், "பழைய மடல் அத்தனையும் கொண்டுவந்துடலாம், பெரில். உங்க ஆளுங்களத் தவிர வேற ஒருத்தர் கண்ணுலயும் படாது. கணக்குத் திறக்க வேண்டாம், படத்தத் தொட வேண்டாம். மெயில் மட்டுந்தான். ஆனா ஆள் இல்லாத முகவரிய நான் ஏத்த முடியாது. ஏத்தினா மத்த மெயில் கம்பெனிக்காரன் என் மடல உள்ள விடாம கதவச் சாத்திடுவான். என்னை நம்பி இன்னும் எத்தனையோ குழு இருக்கு" என்றாள். அப்படியானால் நீங்களும் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "முகவரிதான் போகும். அவங்க எழுதினது போகாது" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? உயிரோடு இருப்பவர்களுக்கு ஜூன் முடிந்தால் இடமில்லை. செத்தவர்களுக்காக அவர்களைத் தெருவில் விட முடியுமா? நெரிடா இருந்தால் அரை நிமிஷத்தில் முடிவு சொல்லியிருப்பாள், அதுவும் என்னைக் கிண்டல் செய்துகொண்டே. நீ இருந்தாலும் சொல்லியிருப்பாய். தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை, க்ளைவ். கொஞ்சமும் பிடிக்கவில்லை.

குழுவிலும் உன்னைத் திட்டி எழுதினேன். குழுவை ஆரம்பித்தவன் பாதியில் எழுந்து போய்விட்டான், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை என்று. பிலெமோனிதான் உனக்காகப் பரிந்து பேசினான். "விடுங்கக்கா. பஸ்ஸ விட்டு எறங்கினவன் எதுக்கு எறங்கினான்னு டிரைவர் கேக்கக்கூடாது" என்றான். அவன் எழுத்து முன்னை விடச் சுருங்கிவிட்டது. மனைவி லாங்கி அவனுக்கு ஸ்பூனில் ஊட்டுவதையும் நிறுத்திவிட்டாளாம், இப்போது குழாய் வழியாகத்தான்.

ரோவீனாவோடு திரும்பவும் பேசினேன். நீ கொண்டுபோன பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை என்றாள். ஷெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம். வாழைக்கு அடிக்கிற மருந்து வைத்திருக்கும் அறையின் சாவியை உன்னிடம் கொடுக்க வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். "ஏன் பெரில் அப்படிச் சொல்ற?" என்றாள். சும்மாதான் என்றேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். ரெஜ் செத்த வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று நெரிடாவுக்குத் தெரியும். என் பஸ் சாவியை அவள்தான் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கூரைத் தகரம் ஒன்று காற்றில் எழுந்து ஆடுகிறது. ஆணி அடிக்க ஆள் தேட வேண்டும்.

பெரில்

*

சீஹான்,
ஜூன் 15

அன்புள்ள க்ளைவுக்கு,

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், இதையாவது பிரித்துப் படி.

டனீடன் என்று முடிவாகிவிட்டது. நைரி நம் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு மடல் அனுப்பினாள். அதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். "மேஜையில் இருக்கிறீர்களா? இருந்தால் இந்த மடலுக்குப் பதில் என்று அழுத்தி அப்படியே அனுப்புங்கள். எதுவும் எழுத வேண்டாம். வெற்றுப் பதில் போதும்." அவ்வளவுதான். நைரி தன் வழக்கப்படி நீளமாக ஒன்று வைத்திருந்தாள், ஒப்புக்கொள்கிறேன், சம்மதிக்கிறேன் என்றெல்லாம். பிலெமோனியின் கண்ணுக்கு அதெல்லாம் ஆகாது என்று சொல்லிச் சண்டை போட்டு மாற்றினேன்.

பதில் வந்தால் புது இடத்தில் சேர்ப்பாள். திரும்பி வந்தால் எடுத்துவிடுவாள். இரண்டும் இல்லாமல் சும்மா கிடந்தால் ஜூன் கடைசி நாள் வரை பொறுத்துப் பார்த்து அதையும் எடுத்துவிடுவாள். எடுக்கிற வேலையை நான் செய்கிறேன், நீ செய்யாதே என்று அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்பின் தெரியாதவள் ரெஜ்ஜை எடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவராக, அவரவர் பெயரைச் சொல்லி, போய்வா என்று சொல்லி எடுத்தேன். ரெஜ்ஜைக் கடைசியில் எடுத்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மழை பெய்தது. அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது, துடைத்தேன்.

முதல் பதில் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? பிலெமோனிதான். மடல் போன ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் "இருக்கேன்" என்று எழுதியிருந்தான். அவன் குணம் அது.

அந்த வாரமே போய்விட்டான், க்ளைவ். காலையில் லாங்கி முகம் துடைக்கப் போனபோது மூச்சு இல்லை. லோகன் தேவாலயம் கொள்ளவில்லையாம், அவன் ஓட்டின பாதையில் ஏறி இறங்கினவர்களெல்லாம் வந்திருக்கிறார்கள். லாங்கியின் மூத்தவன் எனக்கு வீடியோவில் காட்டினான். அவ்வளவு பெரிய பாட்டுச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கேட்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு லாங்கி போன் போட்டாள். நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன், அவள் அதைக் கேட்கக் கூப்பிடவில்லை. "பெரிலக்கா, புது எடத்துல செத்தவங்கள எடுத்துடுவீங்களாமே. அவர எடுத்துடாதீங்க. முகவரி திரும்பி வந்தாத்தானே எடுப்பீங்க? திரும்பி வராம நான் பார்த்துக்கறேன். அவரு மெயில் பெட்டிய நான் தெனமும் தொறக்கறேன். வர்ற மடல நான் படிக்கறேன். என் பேருல படிக்க எனக்கு மனசு வரல. அவரு பேருல வந்தாத்தான் படிக்க முடியுது" என்றாள். சரி என்றேன்.

போனை வைத்த பிறகு திரும்பி வந்த முகவரிகளின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மரமண்டை நான். அதற்கு மேல்தான் எனக்கு உறைத்தது.

நெரிடாவின் முகவரி சிட்னியிலிருந்து திரும்பி வரவில்லை. டனீடனிலிருந்தும் வரவில்லை. இயந்திரத்தின் மேல் பழி போட்டேனே, இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. அவளுடைய மெயில் பெட்டி எவ்வளவு சின்னது என்று நீயேதான் புலம்புவாய், ஆட்கள் பேரக்குழந்தைப் படத்தை அனுப்பினால் சட்டென்று நிரம்பித் தெறித்துவிடும், நான்தான் குனிந்து குனிந்து காலி பண்ணுகிறேன் என்று. இரண்டு குளிர்காலமாக அது நிரம்பவில்லை. யாரோ காலி பண்ணுகிறார்கள். வருஷா வருஷம் அதற்குப் பணமும் கட்டுகிறார்கள்.

ஆக, உன் பேரில் விலகிப்போனாய். அவள் பேரில் உட்கார்ந்திருக்கிறாய். டாக்டர் பிம் சொன்னது, டிராபிக் லைட், சிட்னிக்காரன், ஆர்ச்சியின் முதுகு, எல்லாம் நான் தபாலில் அனுப்பும் முன்பே உனக்குத் தெரியும். இரண்டு தபால்தலை வீண். உன்னைத் திட்டினதையும் படித்திருப்பாய். நல்லது, எனக்கு மிச்சம். பிலெமோனி உனக்காகப் பரிந்து பேசினதையும் படித்திருப்பாய். அவன் போய்விட்டதையும் அந்த ஷெட்டில் தனியாக உட்கார்ந்து படித்திருப்பாய். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. நாங்களெல்லாம் ஒருவருக்கொருவர் எழுதி அழுதோம். நீ யாரிடம் அழுதாய்?

இது குற்றமென்று நான் சொல்லவில்லை. ரெஜ்ஜின் கணக்கை ஏன் அவசரப்பட்டு மூடினேன் என்று இப்போதுதான் என்னை நானே நொந்துகொள்கிறேன். வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன். நைரிக்கும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. நைரியின் கணக்கில் நெரிடா இப்போது நடுவில் கிடக்கிறாள். திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. போன வாரம் வரை அந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மறந்தவர்கள், ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், மகளைக் கேட்டுக்கொண்டு அழுத்துகிறவர்கள். ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். ஜூன் முடிந்தால் எடுக்க வேண்டும். வாக்குக் கொடுத்திருக்கிறேன், எடுக்க வேண்டியது நான். ரெஜ்ஜை எடுத்த கையால் அவளையும் எடுக்கச் சொல்லாதே.

அந்த மடலைப் பார்த்திருப்பாய். "மேஜையில் இருக்கிறீர்களா?" என்ற கேள்வியைப் பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் மூடிவைத்திருப்பாய். எனக்குப் புரிகிறது. அவள் சார்பில் ஆம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொல்ல வாய் வராது. நானும் அந்தக் கேள்வியை எழுதும்போது யோசிக்கவில்லை, நைரியோடு சண்டை போடுவதில் குறியாக இருந்துவிட்டேன்.

ஆர்ச்சி நேற்று ஒன்று கேட்டிருக்கிறார். அதையும் பார்த்திருப்பாய். மனைவிக்கு விரல்கள் ஒவ்வொன்றாக அசைவில்லாமல் போகின்றன, கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைகிறது. பழைய மடல்களைத் தேடிப் படித்திருக்கிறார். கடைசி வருஷம் நெரிடா ஒற்றைக் கட்டைவிரலால் எழுதினாள் என்று இருக்கிறதே, எப்படி எழுதினாள் என்று கேட்கிறார். புல்வெட்டும் இயந்திரத்தின் கம்பியைக் கழற்றி நீ ஏதோ செய்து அவள் நாற்காலியில் மாட்டினாய் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். நெரிடா அதை எழுதிவைக்கவில்லை. "க்ளைவ் பண்ணிக் குடுத்தான், எப்படின்னு எனக்குத் தெரியாது, சத்தம் மட்டும் ஆடு கத்தற மாதிரி இருக்கும்" என்றுதான் எழுதியிருக்கிறாள். தெரியவில்லை என்று ஆர்ச்சிக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. சும்மா வைத்திருக்கிறேன்.

அங்கே உங்கள் ஆறு மணலுக்கு அடியில் ஓடுகிறது, மேலே பார்த்தால் தண்ணீரே தெரியாது என்று ரோவீனா சொன்னாள். வாழையெல்லாம் அதைக் குடித்துத்தான் நிற்கிறதாம். ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். இந்த மழையிலிருந்து எனக்கும் கொஞ்சம் விடுதலை.

இப்போதைக்கு நான் கேட்பது ஒன்றுதான். ஊருக்குத் திரும்பி வா என்று கேட்கவில்லை. போனை எடு என்று கேட்கவில்லை. ஆர்ச்சிக்கு எழுது என்றுகூடக் கேட்கவில்லை, அது உன் இஷ்டம். அந்தப் பெட்டியைத் திற. அந்த மடலை எடு. பதில் என்று அழுத்தி அனுப்பு. அவள் பேரில் வந்தாலும் சரி, உன் பேரில் வந்தாலும் சரி, ஒரு எழுத்தும் அதில் வேண்டாம். யாருடைய கை அழுத்தியது என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். அங்கே ஒரு கை இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

கடைசி நாள் வரைக்கும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். அழுத்து, க்ளைவ்.

பக்கத்து நாற்காலியிலிருந்து,
பெரில்